1950 ஆல்-ஸ்டார் பேஸ்பால் ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பேஸ்பால் பற்றிப் பேச்சு வந்தால் 1950 சிகாகோ ஆட்டம் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆட்டமே புதிது என்பவர்களின் கேள்விகள் முதலில் வருகின்றன. போகப்போக, பழைய ஸ்கோர் அட்டையைப் பார்த்துக் குழம்பியவர்களின் கேள்விகள்.

ஆல்-ஸ்டார் ஆட்டம்னா என்ன? ரெண்டு நாட்டுக்கு நடுவுல நடக்கிறதா?

இல்லை. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் இரண்டு லீகுகளால் ஆனது: 1876-இல் தொடங்கிய நேஷனல் லீக், 1901-இல் மேஜர் லீகாக வந்த அமெரிக்கன் லீக். 1950-இல் ஒவ்வொன்றிலும் 8 அணிகள். ஆண்டுக்கு ஒருமுறை, பருவத்தின் நடுவில் ஜூலை மாதம், இரு லீகுகளின் சிறந்த வீரர்களும் ஓர் ஆட்டத்தில் மோதுவார்கள். அதுதான் ஆல்-ஸ்டார்.

முதல் ஆட்டம் 1933 ஜூலை 6 அன்று சிகாகோவின் கமிஸ்கி பார்க்கில் நடந்தது. அந்த நகரில் அப்போது உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதையொட்டி இப்படி ஓர் ஆட்டம் வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட். ஒரே ஒரு முறைக்கென்று தொடங்கியது வழக்கமாகிவிட்டது. போர்க்காலப் பயணக் கட்டுப்பாட்டால் 1945-இலும், கோவிட் தொற்றால் 2020-இலும் மட்டும் நடக்கவில்லை.

ஒரே நாட்டு வீரர்கள்தானே, அப்புறம் என்ன பகை?

இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் கால ஆட்டத்தை ரசிக்க முடியாது. அன்று பருவத்தின் 154 ஆட்டங்களையும் ஓர் அணி தன் லீகுக்குள்ளேயே ஆடி முடிக்கும். எதிர் லீகோடு கணக்கில் சேரும் ஆட்டம், இரு லீக் பட்டம் வென்ற அணிகளும் மோதும் இலையுதிர்காலத்து உலகத் தொடர் ஒன்றுதான். அதிலும் இரண்டே அணிகள். லீக் கடந்த ஆட்டங்கள் பருவ அட்டவணையில் வந்தது 1997-இல்தான்.

ஆகவே பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ், புரூக்ளினின் டான் நியூகம்ப் வீசும் பந்தைச் சந்திப்பதைப் பார்க்க ரசிகருக்கு இந்த ஆட்டத்தை விட்டால் வேறு வழி அரிது. இரு லீகுகளுக்கும் தனித்தனித் தலைவர்கள், தனித்தனி அம்பயர்கள். அம்பயர் மார்புக் கவசத்தில்கூட வேறுபாடு இருந்தது. அமெரிக்கன் லீக் அம்பயர் பெரிய காற்றடைத்த கவசத்தைச் சட்டைக்கு வெளியே பிடித்துக்கொள்வார். நேஷனல் லீக் அம்பயர் சிறிய கவசத்தைக் கோட்டுக்குள் அணிவார். தோற்றால் லீகுக்கே மானக்கேடு என்று நினைத்து ஆடிய காலம் அது.

இத்தனை ஆட்டத்துல 1950 மட்டும் ஏன் இவ்வளவு பேசப்படுது?

1950 ஜூலை 11, அதே கமிஸ்கி பார்க், 46,127 பார்வையாளர்கள். 9 இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் 14 வரை போய், நேஷனல் லீக் 4-3 என வென்றது. கூடுதல் இன்னிங்ஸ் கண்ட முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம் இதுதான். அதுவரை நடந்த 16 ஆட்டங்களில் 12-ஐ அமெரிக்கன் லீக் வென்றிருந்தது. போதாக்குறைக்கு, அன்றைய பேஸ்பாலின் மிகச் சிறந்த பேட்டர் டெட் வில்லியம்ஸ் முதல் இன்னிங்ஸிலேயே முழங்கையை உடைத்துக்கொண்டார்.

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஸ்கோர் அட்டையை எப்படிப் படிக்கிறது?

ஓர் இன்னிங்ஸில் இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. வெளியூர் அணி முதலில், உள்ளூர் அணி பிறகு. ஆடுகளம் சிகாகோ ஒயிட் சாக்ஸுடையது என்பதால் அன்று அமெரிக்கன் லீக் உள்ளூர் அணி. 9 இன்னிங்ஸ் முடிவில் சமமாக இருந்தால், ஒரு முழு இன்னிங்ஸ் முடிவில் யாராவது முந்தும்வரை ஆட்டம் நீளும்.

இன்னிங்ஸ்வாரி ரன்களை மூன்று மூன்றாகப் பிரித்து எழுதுவார்கள்:

நேஷனல்: 020 000 001 000 01. மொத்தம் 4 ரன், 10 ஹிட்.
அமெரிக்கன்: 001 020 000 000 00. மொத்தம் 3 ரன், 8 ஹிட்.

களத்தின் நான்கு மூலைகளில் இருப்பவை பேஸ்கள். ஹிட் என்பது பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை எட்டுவது: முதல் பேஸ் வரை என்றால் சிங்கிள், இரண்டாவது வரை டபுள், மூன்றாவது வரை டிரிபிள், நாலையும் ஒரே அடியில் சுற்றினால் ஹோம் ரன். நாலு பேஸும் சுற்றி வந்தால்தான் ரன். கிரிக்கெட் கண்ணுக்கு 4-3 ஒன்றுமில்லாததுபோல் தெரியும். கால்பந்து ஸ்கோரைப் பார்ப்பதுபோல் பாருங்கள், சரியாக வரும்.

அந்த ஏழு ரன்னும் எப்படி வந்துச்சு? வரிசையா சொல்லுங்க.

2-வது இன்னிங்ஸ்: ஜாக்கி ராபின்சன் ஒரு சிங்கிள் அடித்தார். ஈனாஸ் ஸ்லாட்டரின் டிரிபிள் அவரை வீடு, அதாவது நாலாவது பேஸ், சேர்த்தது. அடுத்து ஹேங்க் சாவர் தூக்கி அடித்த பந்து பிடிபட்டாலும், அதற்குப் பிறகு ஓடி ஸ்லாட்டரும் ரன் எடுத்தார். நேஷனல் 2-0.

3-வது: அமெரிக்கன் லீகின் தொடக்கப் பிட்சர் (பந்து வீசுபவர்) விக் ராஷிக்குப் பதிலாக பேட் செய்ய வந்த காஸ் மைக்கேல்ஸ் டபுள் அடித்தார். மூன்றாம் பேஸை எட்டியிருந்த அவரை ஜார்ஜ் கெல்லின் உயரமான அடி உள்ளே கொண்டுவந்தது. 2-1. 5-வது: நியூகம்ப் வீச்சில் பாப் லெமனுக்கு வாக் (நான்கு தவறான பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸ்) கிடைத்தது, லாரி டோபி டபுள் அடித்தார். மீண்டும் கெல்லின் உயர அடியில் லெமன் ரன் எடுக்க, வில்லியம்ஸின் சிங்கிளில் டோபி வந்தார். அமெரிக்கன் 3-2.

9-வது: ஆர்ட் ஹௌட்டமன் வீச்சில் ரால்ஃப் கைனர் ஹோம் ரன். 3-3. 14-வது: டெட் கிரே வீச்சில் ரெட் ஷேன்டீன்ஸ்ட் ஹோம் ரன். 4-3.

கெல் ரெண்டு ரன் கொண்டுவந்தும் அவர் பேர்ல ஒரு ஹிட்டும் இல்லையே, எப்படி?

பந்து பிடிபட்டதால் அவர் அவுட். ஆனால் பந்து பிடிபட்ட கணத்திலிருந்து மூன்றாம் பேஸில் நிற்பவர் ஓடலாம். அப்படி வரும் ரன் அடித்தவர் கணக்கில் சேரும். இன்று இதைத் தியாக அடி என்று கருதி, அடித்தவரின் சராசரியைக் (பேட் செய்த முறைகளில் ஹிட் விகிதம்) குறைக்காமல் விடுகிறார்கள். அந்தச் சலுகை 1954-இல்தான் திரும்ப வந்தது. 1950-இல் இரண்டும் வெறும் அவுட்டாகவே எழுதப்பட்டன. பழைய அட்டையை இன்றைய விதியோடு ஒப்பிட்டுக் கூட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

வீரர்களை யார் தேர்ந்தெடுத்தாங்க?

லீகுக்கு 25 பேர். பிட்சர் தவிர்த்த எட்டு தொடக்க வீரர்களை ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1947-இல் அந்த உரிமை அவர்களிடம் வந்திருந்தது. பிட்சர்களையும் மாற்று வீரர்களையும் மேலாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். முந்தைய ஆண்டு லீக் பட்டம் வென்ற அணியின் மேலாளரே ஆல்-ஸ்டார் அணிக்கும் மேலாளர். அதனால் நேஷனலுக்கு புரூக்ளினின் பர்ட் ஷாட்டன், அமெரிக்கனுக்கு நியூயார்க் யாங்கீஸின் கேசி ஸ்டெங்கல்.

ஹேங்க் சாவர் விஷயத்துல ஏதோ தகராறுன்னு சொல்றாங்களே?

ரசிகர்கள் தேர்ந்தெடுத்த மூன்று நேஷனல் லீக் அவுட்ஃபீல்டர்கள் (களத்தின் வெளிப்பகுதியில் பந்தைத் தடுப்பவர்கள்) கைனர், ஸ்லாட்டர், சாவர். மூவரும் ஓர ஆட்டக்காரர்கள். நடு அவுட்ஃபீல்டுதான் மூன்றிலும் அகலமானது. அங்கே வேகமான கால் வேண்டும். ஷாட்டன் சாவரை வெளியே வைத்து, தன் அணியின் டியூக் ஸ்னைடரை நடுவில் நிறுத்த நினைத்தார். ரசிகர் வாக்கை மேலாளர் தள்ள முடியாது என்று, இரு லீகுகளுக்கும் மேலான அதிகாரியான கமிஷனர் ஹேப்பி சாண்ட்லர் உறுதியாக நின்றுவிட்டார். கடைசியில் ஸ்லாட்டர் நடுவுக்கு நகர்ந்தார், சாவர் வலப்புறம் ஆடினார்.

ஆட்ட அறிவின்படி ஷாட்டன் சொன்னது சரி. விதியின்படி சாண்ட்லர் சரி. ஏழே ஆண்டுகளில், 1957-இல், சின்சினாட்டி ரசிகர்கள் வாக்குச்சீட்டை அள்ளிப் போட்டுத் தங்கள் அணிக்காரர்களையே ஏறக்குறைய முழு வரிசைக்கும் தேர்ந்தெடுத்தபோது, அடுத்த கமிஷனர் ஃபோர்ட் ஃப்ரிக் அவர்களில் கஸ் பெல், வாலி போஸ்ட் இருவரையும் தொடக்க வரிசையிலிருந்து நீக்கி, வில்லி மேஸையும் ஹேங்க் ஆரனையும் போட்டார். ரசிகர் வாக்கே பறிபோனது. 1970 வரை திரும்பவில்லை.

ஒரு பிட்சர் மூணு இன்னிங்ஸ்தான் வீசலாம்னு படிச்சேன். லாரி ஜான்சன் எப்படி அஞ்சு வீசினார்?

மூன்று இன்னிங்ஸ் வரம்பு உண்மைதான். கூடுதல் இன்னிங்ஸ் வந்தால் அது தளரும். நேஷனல் லீகில் ராபின் ராபர்ட்ஸ் முதல் மூன்று, நியூகம்ப் இரண்டு, ஜிம் கான்ஸ்டன்டி ஒன்று வீசினார்கள். ஜான்சன் 7-வதில் வந்தார். 9-வது முடிந்தபோது அவருக்கு மூன்று ஆகியிருந்தது, ஆட்டமோ சமம். அப்படியே 10, 11-உம் அவரே வீசினார். ஐந்து இன்னிங்ஸில் ஒரே ஹிட், ஆறு பேர் ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கால் அவுட்). கடைசி மூன்றை ஈவெல் பிளாக்வெல் முடித்தார். பேஸ்பாலில் வெற்றியை ஒரு பிட்சர் கணக்கில் எழுதுவார்கள்; இந்த வெற்றி பிளாக்வெல் பெயரில் எழுதப்பட்டது.

என் பார்வையில் இந்த ஆட்டத்தை நேஷனல் லீகுக்கு மீட்டுத் தந்தவர் ஜான்சன்தான். ஹோம் ரன் அடித்த இருவரை நினைவில் வைத்திருப்பவர்களும் அவரை மறந்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் ராஷி, லெமன், ஹௌட்டமன், ஆலி ரெனால்ட்ஸ் நால்வரும் சரியாக மும்மூன்று. 13-வதில் வந்த கிரே 14-வதில் ஒரு அவுட் எடுத்து விலக, மிச்ச இரண்டு அவுட்டை பாப் ஃபெல்லர் எடுத்தார்.

லெமன் பிட்சர்தானே, அவர் ஏன் பேட் பண்ணார்?

பிட்சருக்குப் பதில் இன்னொருவர் பேட் செய்யும் ஏற்பாடு அமெரிக்கன் லீகில் 1973-இல்தான் வந்தது. 1950-இல் பிட்சர் ஒன்பது பேரில் ஒருவராக பேட் செய்தே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் மாற்று வீரரை அனுப்பலாம். ஆனால் அந்தப் பிட்சர் ஆட்டத்தை விட்டே போய்விடுவார். மூன்றாம் இன்னிங்ஸில் ராஷிக்கு நடந்தது இதுதான். லெமனோ நன்றாக பேட் பிடிக்கத் தெரிந்த பிட்சர்.

டெட் வில்லியம்ஸ் கை எப்படி உடைஞ்சது?

முதல் இன்னிங்ஸில் கைனர் லெஃப்ட் ஃபீல்டை நோக்கி ஆழமாக அடித்தார். வில்லியம்ஸ் பின்னோக்கி ஓடிப் பந்தைப் பிடித்துவிட்டார். ஓடிய வேகத்தில் நிற்க முடியாமல் இடது கை சுவரில் மோதியது. அந்தக் காலச் சுவர்களுக்கு மெத்தை உறை கிடையாது. முழங்கை மூட்டில் ரேடியஸ் எலும்பின் தலைப்பகுதி உடைந்தது. முன்கையைத் திருப்ப உதவுவதே அந்தப் பகுதி. பின்னர் அறுவை சிகிச்சையில் எலும்புத் துண்டுகளை எடுத்தார்கள்.

கை உடைஞ்சும் ஆடி, ஹிட்டும் அடிச்சாராமே, நம்பவா?

நம்பலாம். மேலே சொன்ன 5-வது இன்னிங்ஸ் சிங்கிள் உடைந்த கையோடு அடித்தது. எட்டு இன்னிங்ஸ் வரை களத்தில் இருந்தார். எலும்பு முறிவு என்பது பிறகு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் உறுதியானது.

அவர் இடது பக்கம் நின்று பேட் செய்பவர், வலது கையால் பந்து எறிபவர். ஆகவே எறியும் கைக்கு ஆபத்தில்லை. அடிபட்டது கையுறை அணியும் கை. பேட் பிடிக்கும்போது மேலே இருக்கும் கையும் அதுவே. அடிபட்ட மூட்டு சூடாக இருக்கும்வரை கொஞ்சம் அசையும், நேரம் ஆக ஆக வீங்கி இறுகும். அவர் ஆடியது அந்த இடைவெளியில்தான். வீரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்கில் சேராத ஓர் ஆட்டத்துக்காக அவரைக் களத்தில் விட்டிருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

அவர் அடிபடலேன்னா பாஸ்டன் பட்டம் ஜெயிச்சிருக்குமா?

செப்டம்பரில்தான் திரும்பினார். அந்தப் பருவத்தில் 89 ஆட்டங்கள், 28 ஹோம் ரன்கள், 97 ரன் ஈட்டல் (அவர் அடியால் வந்த ரன்கள்), சராசரி .317. யாங்கீஸ் 98 வெற்றியோடு முதலிடம், டெட்ராய்ட் 95, பாஸ்டன் 94. நாலே ஆட்ட வித்தியாசம் என்பதால் இந்த ஏக்கம் எழுகிறது.

ஆனால் பாஸ்டனுக்கு அந்த ஆண்டு பேட்டிங்கில் பஞ்சமே இல்லை: அணியின் சராசரி .302, மொத்தம் 1,027 ரன்கள். பிட்சிங்தான் காலை வாரியது. வில்லியம்ஸ் வந்து இன்னும் ரன் சேர்த்திருந்தால் நெருக்கமான சில ஆட்டங்கள் திரும்பியிருக்கலாம். நிச்சயம் வென்றிருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய வலு கைக்கு முழுதாகத் திரும்பவில்லை என்று அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் கையோடுதான் 1957-இல் .388 அடித்தார்.

கறுப்பின வீரர்கள் ஆடிய முதல் ஆல்-ஸ்டார் இதுதானா?

இல்லை, அது முந்தைய ஆண்டு, 1949-இல், புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில். அன்று ஆடிய ராபின்சன், ராய் கேம்பனெல்லா, நியூகம்ப், டோபி நால்வரும் 1950-இலும் ஆடினார்கள். முதல் மூவர் நேஷனல், டோபி அமெரிக்கன். ஏழு ரன்களில் முதல் ரன் ராபின்சனுடையது, ஐந்தாவது டோபியுடையது என்பதைக் கவனியுங்கள். ராபின்சன் மேஜர் லீகில் கால் வைத்து அப்போது மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இரண்டாம் பேஸ் ராபின்சன் இடமாச்சே, ஷேன்டீன்ஸ்ட் எங்கிருந்து வந்தார்?

கூடுதல் இன்னிங்ஸில் மாற்று வீரராக வந்தார். பத்து இன்னிங்ஸுக்கும் மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்காரர். அவர் இரு பக்கமும் பேட் செய்யக்கூடியவர். கிரே இடக்கைப் பிட்சர் என்பதால் வலப்பக்கம் நின்றார். இடக்கையாளர் வீசும் பந்து வலப்பக்க பேட்டருக்கு நன்றாகத் தெரியும் என்பதே காரணம். கைனரைப்போல அவர் ஹோம் ரன் மன்னர் அல்ல. கைனர் 1946 முதல் 1952 வரை ஏழு ஆண்டும் தன் லீகில் ஹோம் ரன்னில் முதலிடம் பிடித்தவர் அல்லது பகிர்ந்துகொண்டவர். அடிப்பார் என்று எதிர்பார்த்தவர் ஆட்டத்தைச் சமன் செய்தார், எதிர்பாராதவர் முடித்தார்.

கடைசி அவுட் ஜோ டிமாஜியோவா?

ஆம். 14-வதின் பின்பாதியில் ஃபெரிஸ் ஃபெயின் சிங்கிள் அடித்து முதல் பேஸில் நின்றார். டிமாஜியோ தரையோடு அடித்தார். பந்தை எடுத்து முதலில் இரண்டாம் பேஸுக்கும், உடனே முதல் பேஸுக்கும் எறிந்ததில் ஃபெயினும் டிமாஜியோவும் அவுட். இதுதான் டபுள் ப்ளே. பிளாக்வெல் உயரமானவர், பக்கவாட்டில் கையைச் சுழற்றி வீசுவார். அந்த வீச்சுப் பந்தைத் தூக்கி அடிப்பது கடினம்.

சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்கு?

யாருக்கும் இல்லை. ஆல்-ஸ்டாருக்கு அந்த விருது 1962-இல்தான் தொடங்கியது.

முடிவே வராம இன்னும் நீண்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?

பிட்சர்கள் தீர்ந்துபோவதுதான் பெரிய சிக்கல். 2002-இல் மில்வாக்கியில் அதுவே நடந்தது: 11 இன்னிங்ஸில் 7-7, இரு அணிகளிலும் ஆள் தீர்ந்து சமன் என அறிவித்தார்கள். 14-ஐத் தாண்டிய ஆட்டங்களும் உண்டு. 1967-இலும் 2008-இலும் 15 இன்னிங்ஸ். இப்போது 9 இன்னிங்ஸில் சமம் என்றால் கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது, ஹோம் ரன் அடிக்கும் போட்டி வைத்து முடிவு செய்கிறார்கள். 2025-இல் 6-6 ஆனபோது நேஷனல் லீக் அப்படித்தான் வென்றது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் ஜான்சனின் கடைசி இரண்டு இன்னிங்ஸும் இல்லை, ஷேன்டீன்ஸ்டும் இல்லை.

இந்த வெற்றிக்கு அப்புறம்தான் நேஷனல் லீக் கை ஓங்குச்சா?

திசை மாறியது என்பது சரி: 1951, 52, 53 மூன்றும் நேஷனலுக்கே. 1963 முதல் 1982 வரையிலான 20 ஆட்டங்களில் 19-ஐ வென்றது. ஆனால் அதற்கு இந்த ஓர் ஆட்டத்தைக் காரணம் சொல்வது தவறு. கறுப்பின வீரர்களுக்கு நேஷனல் லீக் அணிகள் முன்னதாகவும் பரவலாகவும் கதவு திறந்தன. மேஸ், ஆரன், எர்னி பேங்க்ஸ், ராபர்டோ கிளெமென்டே எல்லாம் அந்தப் பக்கம். எதிர்ப்பக்கம் யாங்கீஸ் தன் முதல் கறுப்பின வீரரை 1955-இலும், பாஸ்டன் 1959-இலும்தான் களமிறக்கின.

அமெரிக்கன் லீக் மைதானத்துல நேஷனல் ஜெயிச்சது இதுதான் முதல் தடவைன்னா, 1940 என்ன கணக்கு?

நியாயமான கேள்வி. நேஷனலின் முந்தைய நான்கு வெற்றிகள் 1936, 1938, 1940, 1944. இதில் 1940 ஆட்டம் செயின்ட் லூயிஸின் ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் பார்க்கில் நடந்தது. அந்த மைதானத்தின் உரிமை அமெரிக்கன் லீகின் பிரவுன்ஸ் அணியிடம் இருந்தது. ஆனால் நேஷனலின் கார்டினல்ஸும் அங்கேயே ஆடியது, அந்த ஆண்டு விருந்தளித்ததும் கார்டினல்ஸ்தான். எனவே விருந்தளித்த அணியை வைத்து எண்ணினால் 1950 முதல் முறை. சொத்துப் பத்திரத்தை வைத்து எண்ணினால் இல்லை. பதிவுகளில் முதல் கணக்கைத்தான் எடுக்கிறார்கள்.